'வெறும்' என்ற சொல்லைப் பிடிப்பது எப்படி?

என் தங்கை மகன் பள்ளியின் கடைசி வருஷத்தில் இருந்தபோது ஒருநாள் ராத்திரி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "பெரியம்மா, பாசம்கிறது வெறும் ஹார்மோன்தானாம். தொழும்போது மனசு லேசாகுதே, அதுவும் மூளையில ஓடுற கெமிக்கல்தானாம். அப்போ மிச்சம் என்ன இருக்கு?" என்று கேட்டான். நான் அன்று இரட்டை ஷிப்ட் முடித்து வந்திருந்தேன். "அதெல்லாம் சும்மா சொல்றாங்கடா. இன்னைக்கு ஒண்ணு சொல்வாங்க, நாளைக்கு மாத்துவாங்க. போய் இஷா தொழு" என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து போனான். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒரு வருஷம் மார்க்கம் பற்றி என்னிடம் அவன் எதையும் கேட்கவில்லை.

நான் 22 வருஷமாக இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். மைக்ரோஸ்கோப்பில் பார்த்து நான் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் டாக்டர் மருந்து எழுதுகிறார். பகலெல்லாம் அந்த அறிவியலை நம்பி வேலை செய்துவிட்டு, ராத்திரி அதையே 'சும்மா' என்று தள்ளினால் பிள்ளை எதை நம்புவான்? அந்த உறுத்தல்தான் என்னை வாசிக்க வைத்தது. ஓர் ஆலிமிடம் (மார்க்க அறிஞரிடம்) பல மாதங்கள் போய்க் கேட்டேன். கடைசியில் இப்படிப்பட்ட வாக்கியங்களைப் படிக்க ஒரு முறை கைவந்தது. வார இறுதியில் என்னிடம் வரும் பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரைத் தெரிந்துகொள்வோம். ஒரு பெரிய விஷயத்தைச் சின்னச் சின்னப் பகுதிகளாகப் பிரித்து, அந்தப் பகுதிகளைக் கொண்டே முழுவதையும் விளக்குவதைக் குறுக்கல்வாதம் என்கிறார்கள். இந்த ஒரே பெயருக்குள் இரண்டு காரியம் இருக்கிறது. பிரித்துப் பார்த்தால் நன்றாகப் புரியும் என்பது ஒன்று. அது வேலை செய்யும் முறை. நான் தினமும் செய்வது. பகுதிகள் மட்டுமே நிஜம், முழுசு என்பது பேச்சுக்குச் சொல்வது என்பது இன்னொன்று. அது உலகம் எப்படிப்பட்டது என்பதைப் பற்றிய தீர்ப்பு. முதலாவதைச் செய்துகொண்டே இருக்கும்போது இரண்டாவது ஓசையில்லாமல் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது வரும் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் நம் வேலை.

வாக்கியத்தைத் தாளில் எழுதுங்கள்

மனசுக்குள் வாதாடாதீர்கள். ஒரு தாளை எடுத்து, உங்களைக் கலங்க வைத்த வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். 'வெறும்', 'மட்டுமே', 'தவிர வேறில்லை', 'உண்மையில் பார்த்தால்' போன்ற சொல் எங்கே வருகிறதோ அங்கே கோடு போடுங்கள். தமிழில் இது பல சமயம் 'தான்' என்று சொல்லின் வாலில் ஒட்டிக்கொண்டு வரும், கண்ணுக்குத் தப்பிவிடும். அப்புறம் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு வாக்கியத்தை மறுபடி எழுதுங்கள்.

'தொழுகையில் வரும் அமைதி மூளையில் நடக்கும் மாற்றம்தான்' என்பது முதல் வாக்கியம் என்று வைத்துக்கொள்வோம். வாலை வெட்டினால் 'தொழுகையில் அமைதி வரும்போது மூளையிலும் மாற்றம் நடக்கிறது' என்று நிற்கும். இந்த இரண்டாவது வாக்கியத்தைச் சோதிக்க முடியும். ஆளை எஃப்எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேன் கருவியில் படுக்க வைத்துப் பார்க்கலாம். முதல் வாக்கியத்தைச் சோதிக்க எந்தக் கருவியும் கிடையாது. கருவி பார்த்தது ஒரு பாதி, எழுதியவர் சேர்த்தது மறுபாதி. தாளில் இரண்டையும் தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கருவி என்ன பார்த்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்த் தெரிந்துகொள்வது நல்லது. எஃப்எம்ஆர்ஐ எண்ணத்தைப் படம் பிடிப்பதில்லை, நியூரானின் துடிப்பைக்கூட நேராகப் பார்ப்பதில்லை. மூளையின் ஒரு பகுதி அதிகமாக வேலை செய்தால் அங்கே ஆக்சிஜன் ஏறிய இரத்தம் கூடுதலாக வரும். அந்த ஆக்சிஜன் அளவில் வரும் மாறுதலைத்தான் கருவி பிடிக்கிறது. அந்த மாறுதல் உச்சத்துக்கு வர ஏறக்குறைய 5 வினாடி ஆகும். திரையில் தெரியும் ஒரு புள்ளி, சாதாரணமாகப் பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் உள்ள ஒரு கனசதுரம். அதற்குள் லட்சக்கணக்கான நியூரான்கள் இருக்கின்றன. 2009-இல் சில ஆய்வாளர்கள் செத்துப்போன ஒரு சால்மன் மீனை அந்தக் கருவிக்குள் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். புள்ளிவிவரத்தில் செய்ய வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டால், செத்த மீனின் மூளையிலும் சில புள்ளிகள் 'வேலை செய்வது' போலத் தெரிந்தன. கருவியைக் குறை சொல்ல அவர்கள் அதைச் செய்யவில்லை; திருத்தத்தைச் செய்யுங்கள் என்று தங்கள் துறைக்காரர்களுக்கு நினைவூட்டத்தான் செய்தார்கள். அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த ஆய்வைப் பிடிக்கும்.

இப்போது குர்ஆனுக்கு வருவோம். 'வெறும்' வாக்கியம் ஒன்றைக் குர்ஆனே எடுத்துச் சொல்கிறது. ஜாஸியா அத்தியாயத்தின் 24-ஆம் வசனம்: "இந்த உலக வாழ்வைத் தவிர வேறில்லை. இறக்கிறோம், வாழ்கிறோம், காலத்தைத் தவிர எதுவும் நம்மை அழிப்பதில்லை" என்று அவர்கள் சொல்கிறார்கள். அதற்குக் குர்ஆன் தரும் பதிலைக் கவனியுங்கள். மனிதர் சாவதில்லை என்றோ காலம் உடலைத் தேய்ப்பதில்லை என்றோ அது மறுக்கவில்லை. "அதைப் பற்றி அவர்களுக்கு அறிவில்லை, அவர்கள் யூகிக்கத்தான் செய்கிறார்கள்" என்று மட்டும் சொல்கிறது. கண்டது வேறு, அதன் மேல் 'தவிர வேறில்லை' என்று போட்ட மூடி வேறு. அந்த வசனத்தை நான் எத்தனையோ தடவை ஓதியிருக்கிறேன். தாளில் கோடு போட ஆரம்பித்த பிறகுதான் அது எங்கே கை வைக்கிறது என்று புரிந்தது.

கருவி பார்த்த பாதியை மனசார ஒப்புக்கொள்ளுங்கள்

இங்கேதான் நம்மில் பலர் சறுக்குகிறோம், நானும் சறுக்கினேன். 'வெறும்' என்ற சொல்லின் மேல் உள்ள கோபத்தில் முன்பாதியையும் சேர்த்து மறுத்துவிடுகிறோம். நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் பிடித்தது. பிள்ளை இறந்த துக்கத்தால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்து நின்ற அந்த நேரத்திலும் நபியவர்கள் அதைத் திருத்தினார்கள்: சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு, யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்றார்கள். தொழுகையும் நடத்தினார்கள். கிரகணத்துக்கு இல்லாத காரணத்தை ஒட்டவும் விடவில்லை, அது அத்தாட்சி என்பதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

இமாம் கஸ்ஸாலி (1058–1111) தத்துவவாதிகளை மறுத்துத் 'தஹாஃபுத்' என்ற நூலை எழுதியபோது, ஆரம்பத்திலேயே இதே கிரகணத்தைத்தான் உதாரணம் காட்டினார். சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவே பூமி வருவதால் சந்திர கிரகணம் வருகிறது என்பது கணக்காலும் வடிவியலாலும் நிறுவப்பட்டது. இதை எதிர்ப்பது மார்க்கக் கடமை என்று நினைப்பவர் மார்க்கத்துக்கே கேடு செய்கிறார் என்று எழுதினார். கணக்குத் தெரிந்தவரிடம் போய் இது மார்க்கத்துக்கு எதிரானது என்று சொன்னால், அவருக்குக் கணக்கில் சந்தேகம் வராது, மார்க்கத்தில்தான் வரும். தங்கை மகன் அன்று எழுந்து போனது ஏன் என்பதற்கான விடை 900 வருஷத்துக்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது.

பிரித்துப் பார்ப்பது எவ்வளவு பெரிய நன்மை என்பதை என் மேஜையிலிருந்தே சொல்கிறேன். கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு இரத்தம் வைப்பேன். இன்னொரு தகட்டைச் சாய்த்துப் பிடித்து அந்தச் சொட்டைத் தொட்டு, ஒரே இழுப்பில் தேய்க்க வேண்டும். நாக்கு மாதிரி ஒரு மெல்லிய படலம் விழும். காய வைத்து, லீஷ்மன் சாயம் ஊற்றி, கழுவி, எண்ணெய் ஒரு துளி விட்டு 100 மடங்கு லென்ஸை இறக்கினால், வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள் தெரியும். நடுவில் கொஞ்சம் வெளிறிய வட்டங்கள். அவற்றுக்கு நடுவே சில சமயம் பிறை மாதிரி வளைந்து, இரண்டு முனையும் கூரான அணுக்கள் கிடக்கும். பார்த்தவுடன் எனக்கு நெஞ்சு கனக்கும், அது அரிவாள் செல் நோய். ஒரு பிள்ளையின் கைகால் வலி, அழுகை, ஆஸ்பத்திரிக்கு ஓடிய இரவுகள், எல்லாமே அந்த வளைவிலிருந்து வருகின்றன.

1949-இல் லைனஸ் பாலிங்கும் அவருடன் இருந்தவர்களும் இது ஒரு மூலக்கூறின் நோய் என்று காட்டினார்கள். சில வருஷங்களில் வெர்னன் இங்ராம் இன்னும் உள்ளே போனார். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள் இருக்கின்றன, அதில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வேலின் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம். அங்கே வரைக்கும் இறங்கிப் பார்த்ததால்தான் 2023-இல் மரபணுவைத் திருத்தும் கிறிஸ்பர் சிகிச்சை ஒன்றுக்கு பிரிட்டனும் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. நோய்க்கு மருந்து தேடுங்கள் என்று நபியவர்கள் சொன்னதை நம்புகிறவர் இந்தப் பிரித்துப் பார்க்கும் முறையைப் பகைக்க முடியாது.

எந்த எறும்பு பேசுகிறது?

முன்பாதியை ஒப்புக்கொண்ட பிறகு, பின்பாதியை எப்படிப் பார்ப்பது? இதற்கு எனக்குக் கைகொடுப்பது கஸ்ஸாலியின் எறும்பு. காகிதத்தின் மேல் ஓர் எறும்பு ஊர்கிறது. பேனா முனை நகர்வதும் வெள்ளைத் தாள் கறுப்பாவதும் அதற்குத் தெரிகிறது. பேனாதான் எழுதுகிறது என்று அது முடிவு செய்கிறது. அதன் பார்வை விரல் வரை எட்டவில்லை, கை வரை எட்டவில்லை. அவருடைய 'இஹ்யா' என்ற நூலில் இந்த உவமையோடு ஒரு நீண்ட உரையாடலும் வருகிறது. ஒருவர் தாளிடம் போய் உன் முகம் ஏன் கறுத்தது என்று கேட்கிறார். மையைக் கேள் என்கிறது தாள், மை பேனாவைக் காட்டுகிறது, பேனா கையைக் காட்டுகிறது, கை அதை இயக்கும் ஆற்றலைக் காட்டுகிறது. அப்படியே நாட்டம், அறிவு என்று விசாரணை மேலே மேலே போகிறது.

பிள்ளைகளிடம் நான் இதை இப்படிச் செய்து காட்டுவேன். ஒரு தாளில் 'சலாம்' என்று எழுதுவேன். மையின் வேதியியல், பேனா முனையின் அழுத்தம், என் விரல் தசையின் சுருக்கம், மூளையிலிருந்து வந்த நரம்புத் துடிப்பு என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். எல்லாமே சரியான விடை, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் சண்டை கிடையாது. "ஏன் எழுதினேன்?" என்று கடைசியாகக் கேட்பேன். உங்களை வரவேற்க என்பார்கள். மையைப் பற்றி இன்னும் ஆயிரம் தகவல் சேர்த்தாலும் அந்த விடை மையிலிருந்து வராது. அதே நேரம், அந்த விடை வந்ததும் மையின் வேதியியல் பொய்யாகியும் விடாது.

பத்ருப் போரில் நபியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து எறிந்ததைப் பற்றி அன்ஃபால் அத்தியாயத்தின் 17-ஆம் வசனம் சொல்கிறது: "நீர் எறிந்தபோது நீர் எறியவில்லை, அல்லாஹ்வே எறிந்தான்." 'எறிந்தபோது' என்று அந்தக் கையின் வேலையை ஒப்புக்கொண்டு, அதே மூச்சில் அதற்கு மேல் ஒன்றைச் சொல்கிறது. இந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டால், ஒரு தளத்து விளக்கம் இன்னொரு தளத்து விளக்கத்தைத் துரத்திவிடும் என்ற பயம் போய்விடும்.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை: 'இஸ்லாம் இதற்கு ஒரே விடை சொல்கிறது' என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். சொன்னால் அது உண்மையாக இருக்காது. பஞ்சில் நெருப்புப் பட்டால் எரிகிறது. நெருப்பு எரிப்பதை நாம் பார்க்கவில்லை, பட்டதும் எரிவதும் சேர்ந்தே வருவதைத்தான் பார்க்கிறோம், எரிப்பவன் அல்லாஹ் என்றார் கஸ்ஸாலி. தத்துவ அறிஞர் இப்னு ருஷ்து (1126–1198) இதைக் கடுமையாக மறுத்தார். காரணங்களை மறுப்பவர் அறிவையே மறுக்கிறார் என்றார். இருவரும் தொழுதவர்கள், இருவரும் சட்ட மேதைகள்.

இன்னொரு விஷயம் எனக்குப் பெரிய ஆச்சரியமாக இருந்தது. பொருள்களை இனிப் பிரிக்கவே முடியாத அணுக்கள் வரை கொண்டுபோய் நிறுத்தியவர்கள் அஷ்அரி என்ற இஸ்லாமிய இறையியல் மரபின் அறிஞர்கள். அதை 'ஜவ்ஹர் ஃபர்த்' என்றார்கள். நிறம், அசைவு, உயிர் எல்லாம் அந்த அணுக்களின் மேல் வந்து போகும் பண்புகள். ஒரு பண்பு இரண்டு கணம்கூடத் தானாக நிலைப்பதில்லை, அல்லாஹ் ஒவ்வொரு கணமும் புதிதாகப் படைக்கிறான் என்றார்கள். பிரித்துப் பிரித்துக் கடைசி வரை போய், அங்கே 'பொருள் மட்டுமே இருக்கிறது' என்ற முடிவுக்கு அவர்கள் வரவில்லை. பொருளுக்குத் தன்காலில் நிற்கும் சக்தியே இல்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆக, பிரிப்பது தானாகவே யாரையும் இறைமறுப்புக்குக் கொண்டுபோவதில்லை. பிரித்து முடித்தபின் என்ன சொல்கிறோம் என்பது தனியாக எடுக்கும் முடிவு.

பகுதிகளைச் சேர்த்தால் முழுசு வந்துவிட்டதா என்று கேளுங்கள்

இதற்கு நான் ஒரு புழுவைக் காட்டுவேன். சீனோராப்டைடிஸ் எலகன்ஸ் என்று பெயர், ஒரு மில்லிமீட்டர் நீளம். அதன் உடம்பில் 302 நியூரான்கள்தான் இருக்கின்றன. அவை ஒன்றோடு ஒன்று எப்படி இணைந்திருக்கின்றன என்ற முழு வரைபடமும் 1986-இலேயே வெளிவந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு அந்தப் புழு அடுத்து என்ன செய்யும் என்று முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதே இணைப்புகள், உடம்பில் சுரக்கும் வேதிப்பொருள்களைப் பொறுத்து வேறு வேறு விதமாக வேலை செய்கின்றன. நம் மூளையில் இருப்பது ஏறக்குறைய 8,600 கோடி நியூரான்கள்.

உயரத்துக்கு ஒரு மரபணு, கோபத்துக்கு ஒரு மரபணு என்று பேசுவார்கள். 2022-இல் 54 லட்சம் பேரின் தகவல்களை வைத்துச் செய்த ஆய்வில், உயரத்தோடு தொடர்புள்ள மரபு மாற்றங்கள் 12 ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. உயரத்துக்கே இப்படி என்றால், கோபத்துக்கு? 1972-இல் இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் எழுதிய ஒரு கட்டுரை அறிவியலாளர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. அடிப்படை விதிகளைக் கண்டுபிடித்துவிட்டால், அதிலிருந்து உலகத்தை மறுபடி கட்டி எழுப்பிவிடலாம் என்று ஆகாது என்றார் அவர். இதைச் சொன்னது ஒரு மதவாதி இல்லை, அறிவியலுக்குள் இருந்து நோபல் பரிசு பெற்றவர்.

இங்கேயும் ஓர் அவசரம் உண்டு. 'பாருங்கள், அவர்களால் விளக்க முடியவில்லை, ஆகவே ரூஹ் (ஆன்மா) இருக்கிறது' என்று பயானில் (மார்க்கச் சொற்பொழிவில்) சிலர் தாவிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நாளைக்கு அந்தப் புழுவை முழுசாக விளக்கிவிட்டால் பிள்ளையின் ஈமான் (இறைநம்பிக்கை) என்ன ஆகும்? விளக்கம் கிடைக்காத இடுக்கில் அல்லாஹ்வைத் தேடினால், ஒவ்வொரு கண்டுபிடிப்புக்கும் பயப்பட வேண்டிவரும். விளக்கம் கிடைத்த இடமும் அவனுடைய அத்தாட்சிதான், கிரகணம் மாதிரி. புழுவும் உயரமும் சொல்வது ஒன்றே ஒன்று: 'வெறும்' என்று முடிக்கும் அளவுக்கு நம் கையில் இன்னும் ஆதாரம் வரவில்லை.

1929 ஜனவரியில் கவிஞரும் தத்துவ அறிஞருமான அல்லாமா இக்பால் சென்னையில் ஆற்றிய உரைகளில் ஒன்றில், இயற்கை அறிவியல்களை இயற்கையின் சடலத்தின் மேல் விழும் கழுகுகளுக்கு ஒப்பிட்டார். ஒவ்வொன்றும் ஒரு துண்டைக் கொத்திக்கொண்டு போகிறது என்றார். உவமை கொஞ்சம் கடுமை. ஆனால் அதற்கு முன்னால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. பருப்பொருளைப் படிக்க ஒரு துறை, உயிரைப் படிக்க ஒரு துறை, மனதைப் படிக்க ஒரு துறை. இவை மூன்றும் தமக்குள் எப்படி இணைகின்றன என்பதை எந்தத் துறை படிக்கிறது?

நம் வாயிலிருந்து வரும் 'வெறும்'

இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் கண்டேன், ஆனால் இப்போது இதைத்தான் அதிகம் சொல்கிறேன். குறுக்கல்வாதத்தை எதிர்ப்பதாக நினைத்துக்கொண்டே நாமே அதைச் செய்கிறோம். 'உளூ (தொழுகைக்கு முன் முகம், கைகால் கழுவுவது) செய்வது கிருமி போவதற்குத்தான்', 'நோன்பு வயிற்றுக்கு ஓய்வு கொடுக்கத்தான்', 'தொழுகை நல்ல உடற்பயிற்சி', 'பன்றி இறைச்சியில் நாடாப்புழு இருப்பதால்தான் தடை' என்று பெருமையாகச் சொல்கிறோம். இபாதத்தை (வணக்கத்தை) பகுதி பகுதியாக்கி உடம்பின் நன்மையில் கொண்டுபோய் முடித்துவிடுகிறோம்.

இந்த வாக்கியங்களையும் தாளில் எழுதிக் கோடு போடுங்கள். உளூ வெறும் சுத்தம் என்றால், தண்ணீர் கிடைக்காதபோது மண்ணைத் தொட்டு முகத்தில் தடவும் தயம்முமுக்கு என்ன அர்த்தம்? தொழுகை உடற்பயிற்சி என்றால், அசைய முடியாத நோயாளி படுத்தபடி சைகையால் தொழுவது எந்தப் பயிற்சி? நோன்பு வயிற்றுக்கு ஓய்வு என்றால், நிய்யத் (நோன்பு நோற்கும் எண்ணம்) இல்லாமல் நாளெல்லாம் பட்டினி கிடந்தவரும் நோன்பாளி ஆகிவிடுவாரே. நாடாப்புழுதான் காரணம் என்றால், நன்றாக வேகவைத்தால் தடை நீங்கிவிட வேண்டும். ஃபிக்ஹ் எனும் மார்க்கச் சட்டங்களே இந்த 'தான்'களை ஒவ்வொன்றாக உடைக்கின்றன. உடம்புக்கு நன்மை இருக்கலாம், இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். அதற்காகத்தான் என்று சொல்லும்போது, அல்லாஹ்வின் முன் நிற்பது என்ற விஷயம் கழன்று விழுந்துவிடுகிறது.

என் தங்கை மகனுக்குச் சின்ன வயசில் நானே இப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். மூக்கில் தண்ணீர் விடுவது சளிக்கு நல்லது என்று. பிறகு அவன் 'நிம்மதியும் கெமிக்கல்தானே' என்று வந்து நின்றபோது எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பாதையின் முதல் அடியை அவனுக்குக் காட்டியது நான்.

களிமண்ணைப் பற்றி ஒரு வாக்கியம்

கடைசியாக, அந்த வாக்கியம் யாரைச் சின்னதாக்குகிறது என்று பாருங்கள். ஸாத் அத்தியாயத்தில் அல்லாஹ் வானவர்களிடம், களிமண்ணிலிருந்து ஒரு மனிதனைப் படைக்கப்போகிறேன், அவரைச் சீராக்கி என் ரூஹிலிருந்து அவருக்குள் ஊதியதும் சிரம் பணியுங்கள் என்கிறான். இப்லீஸ் (ஷைத்தான்) மறுக்கிறான். "நான் அவரைவிட மேலானவன். என்னை நெருப்பிலிருந்து படைத்தாய், அவரைக் களிமண்ணிலிருந்து படைத்தாய்" என்கிறான். அவன் சொன்ன தகவலில் பிழையில்லை. களிமண் என்று அல்லாஹ்வே சொல்லியிருக்கிறான். ஊதப்பட்டதை விட்டுவிட்டு, மூலப்பொருளை மட்டும் சொல்லி அங்கேயே தீர்ப்பை முடித்துவிட்டான்.

எங்கள் கூடத்தில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது குறைவு. சாம்பிள் எண், ஹீமோகுளோபின் அளவு, அவ்வளவுதான். 'அந்த 4.2 வந்தாச்சா?' என்பார்கள். வேலை ஓடுவதற்கு அது தேவை, நானும் அப்படித்தான் பேசுவேன். ஆனால் ரிப்போர்ட்டை வாங்க அந்த 4.2-இன் அம்மா வந்து நிற்கும்போது, கையில் இருக்கும் தாளை நீட்டுவதற்கு முன் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடப் பழகிக்கொண்டேன். ஸாத் அத்தியாயத்தைப் படித்த பிறகு வந்த பழக்கம் அது.

ரூஹ் என்றால் என்ன என்று பிள்ளைகள் கேட்டால், தெரிந்ததைச் சொல்லுங்கள். தத்துவ அறிஞர் இப்னு சீனா (980–1037) ஒரு மனிதனைக் கற்பனை செய்யச் சொன்னார்: வெட்ட வெளியில் மிதக்கிறான், எதையும் பார்க்கவில்லை, தன் கைகால்கூட ஒன்றையொன்று தொடவில்லை. ஆனாலும் 'நான் இருக்கிறேன்' என்பது அவனுக்குத் தெரியும் என்றார். அந்த 'நான்' உடம்பல்லாத ஒன்று என்று அவர் கருதினார். இப்னுல் கய்யிம் போன்ற மார்க்க அறிஞர்கள் ரூஹை மெல்லிய ஓர் உடல் என்றார்கள். இரண்டு கருத்தும் நம் மரபுக்குள் இருப்பவை. கேட்கப்பட்ட நபியவர்களுக்கே வந்த பதில், "ரூஹ் என் இறைவனின் கட்டளையில் உள்ளது. உங்களுக்கு அறிவில் கொஞ்சமே தரப்பட்டிருக்கிறது" என்பது (17:85). அந்த இடத்தில் நிற்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

அப்புறம், மறுப்பதற்கு முன் முழுசாகப் படியுங்கள். பாக்தாதில் 300 மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டே, கிடைத்த ஓய்வு நேரத்தில், இரண்டு வருஷத்துக்கும் குறைவான காலத்தில் தத்துவம் முழுவதையும் தானாகவே படித்து முடித்ததாகக் கஸ்ஸாலி தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகும் ஏறக்குறைய ஒரு வருஷம் அதைத் திரும்பத் திரும்ப யோசித்தாராம். வேலைக்குப் போகிற எனக்கு அந்த 'ஓய்வு நேரத்தில்' என்ற விவரம் பெரிய ஆறுதல்.

தங்கை மகன் இப்போது உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறான். போன மாதம் ஒரு புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். டிஎன்ஏவின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவரான பிரான்சிஸ் கிரிக் 1994-இல் எழுதியது. உன் சந்தோஷம், துக்கம், நினைவு, நீ நீயாகத் தீர்மானிப்பதாக நினைப்பது எல்லாம் நரம்புச் செல்களின் பெரிய கூட்டம் செய்யும் வேலையைத் தவிர வேறில்லை என்கிற இடம். 'தவிர வேறில்லை' என்பதற்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருந்தான். கூடவே ஒரு செய்தி: "பெரியம்மா, அட்டையில அவரே இதுக்கு 'கருதுகோள்'னு பேர் வச்சிருக்காரு. படிக்கிறவங்கதான் முடிவுன்னு எடுத்துக்கிறாங்க. முழு புக்கும் படிச்சிட்டு வரவா?"

"படிச்சிட்டு வா, கண்ணு. நானும் படிக்கிறேன். ஞாயித்துக்கிழமை அசருக்கு அப்புறம் முதல் அத்தியாயத்துல இருந்து ஆரம்பிப்போம்" என்று பதில் போட்டேன்.